பங்களாவுக்குள் இரண்டு பேர்

அம்மாவுக்கு அந்த டேப்லெட்டை வாங்கிக் கொடுத்தது நான்தான். நான் வந்தவாசியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அம்மா ஆரணியை ஒட்டிய சேவூரில் தம்பியோடு இருக்கிறாள். செல்போனில் என் முகம் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னாள். பெரிய திரையாக இருந்தால் தினமும் பார்த்துப் பேசலாமே என்று வாங்கிப் போனேன்.

நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்ததும் காபியோடு உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிடுவேன். பேச்சில் முக்கால்வாசி தம்பி மனைவியைப் பற்றிய குறை. குழம்பில் புளி அதிகம். காய்ந்த துணியை மடிப்பதில்லை. எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில்.

"ஆறு வருசமா ஒரே வூட்ல கீறோம்டி. இன்னாம்மா ஒரு மாதிரி கீறன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல அத்தை'ங்கறா. அதோட சரி" என்பாள்.

"விடும்மா" என்பேன். சொல்லிக்கொண்டே அடுத்த குறைக்குக் காத்திருப்பேன். மனசுவிட்டுப் பேச அம்மாவுக்கு நான் ஒருத்திதான் என்பதில் எனக்கு அவ்வளவு திருப்தி.

போன மழைக்காலத்தில் ஒருநாள் கூப்பிட்டபோது அம்மாவின் முகம் திரையில் பாதிதான் வந்தது. "இருடி, கதவு தொறக்கப் போவுது. அப்பறம் பேசறேன்" என்று துண்டித்துவிட்டாள். வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்று அவள் திரும்பக் கூப்பிடவில்லை. மறுநாளும் அதே அவசரம். மூன்றாம் நாள் விடாமல் கேட்டேன்.

"ஒரு கேம்டி. பங்களால மாட்டிகினோம். வெளிய வரணும். அவதான் போட்டுக் குடுத்தா" என்றாள்.

மாட்டிகினேன் என்று சொல்லவில்லை. மாட்டிகினோம் என்றாள். அந்த 'ஓம்' என்னை உறுத்தியது.

அந்த வாரம் குறை எதுவும் வரவில்லை. புளியைப் பற்றி நானே எடுத்துக் கொடுத்தேன். "அதெல்லாம் நல்லாத்தான் வெக்கறா" என்றாள் அம்மா.

சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் நடு அறையில் ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கி வைத்திருந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் தம்பியின் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கட்டிலில் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க அண்ணி" என்று தம்பி மனைவி எழப் போனாள். "உக்காரும்மா, அவ எங்க போயிடப் போறா" என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் ஒரு பழைய பங்களாவின் அறை. ஆடும் நாற்காலியில் ஒரு பொம்மை. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். அலமாரியைத் திறந்துவிட்டுத் திரும்பினால் பொம்மையின் தலை முன்பிருந்த பக்கத்தில் இல்லை. "ஐயோ, பாத்துச்சி, நம்மளப் பாத்துச்சி!" என்று அம்மா தம்பி மனைவியின் தொடையை இறுக்கிப் பிடித்தாள். பயந்த வேகத்திலேயே இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருடம். அம்மா என்னை அப்படிப் பிடித்த ஞாபகமே இல்லை.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் கீது. ஆனா இது வூட்டுக் கஷ்டம் மாதிரி இல்லடி. எங்கியோ ஒரு சாவி வெச்சித்தான் கீறான். தேடினா கெடைக்கும்."

ஊருக்குத் திரும்பியதும் அதே விளையாட்டை என் போனில் ஏற்றினேன். கணக்கு டீச்சருக்கு இது எம்மாத்திரம் என்ற எண்ணம். முதல் அறையிலேயே நாலு நாள் சுற்றினேன். கடிகாரம், மூன்று புகைப்படங்கள், பூட்டிய பெட்டி. ஒன்றுக்கொன்று சம்பந்தம் தெரியவில்லை. அம்மா பத்தாவதுகூடப் படிக்காதவள், அவள் ஐந்து அறை தாண்டிவிட்டாள். கோபத்தில் இணையத்தில் யாரோ போட்டிருந்த வீடியோவைத் தேடி, பங்களா முழுவதையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன்.

அடுத்த முறை சேவூர் போனபோது அவர்கள் குளியலறையில் சிக்கியிருந்தார்கள். ஒன்பது நாளாக அங்கேயே. அம்மா ஒரு நோட்டில் குளியலறையைப் படமாகவே வரைந்து வைத்திருந்தாள். தொட்டி, குழாய், கண்ணாடி. தம்பி மனைவி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க, அம்மா பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள்.

"கொழாய ரெண்டு தரம் தொறந்து பாத்தமாம்மா?"

"பாத்துட்டோம் அத்தை. சூடா வருது. அவ்ளோதான்."

எனக்கு வாய் நிற்கவில்லை. "சுடுதண்ணியத் தொறந்து வுட்டுட்டு ஜன்னல மூடும்மா. ஆவி புடிச்சி கண்ணாடில நம்பர் தெரியும்" என்றேன்.

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலை மூடினாள். கண்ணாடியில் நாலு எண்கள் தெரிந்தன. கதவு திறந்தது. அம்மா டேப்லெட்டை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீ ஏன்டி சொன்ன?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

சாயங்காலம் தம்பி மனைவிதான் ஸ்கூட்டியில் என்னை ஆரணி பஸ் ஸ்டாண்டில் விட்டாள். வந்தவாசி பஸ் இன்னும் வரவில்லை. கிளம்பாமல் வண்டியில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு எங்க அம்மா வூட்லயே பேச்சு வராதுங்க. இன்னா பேசறதுன்னே தெரியாது. இதுல பேசறதுக்கு எதனா ஒண்ணு இருந்துகினே இருக்குது. அந்த டிராயரப் பாருங்க அத்தைன்னு சொல்லலாம். அவங்களும் ஒண்ணு சொல்லுவாங்க."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க நாலரைக்கு போன் பண்ணுவீங்கல்ல, அத்தை ஸ்பீக்கர்லதான் பேசுவாங்க. நா பக்கத்துலயே சமையக்கட்டுல இருப்பேன். எல்லாம் கேக்கும்."

குரலில் கோபம் எதுவும் இல்லை. ஆறு வருடமாக நான் சொன்ன "விடும்மா" எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு நான் கேட்ட "அப்பறம்?" எல்லாமும்.

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கை காட்டினேன். அவளும் காட்டினாள். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வந்ததால் பொறாமை போய்விடவில்லை. அவள் நல்லவளாக இருந்தது அதைக் கொஞ்சம் கூட்டத்தான் செய்தது.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வேறொரு விளையாட்டைத் தொடங்கினார்கள். இந்த முறை ஒரு கைவிடப்பட்ட பள்ளிக்கூடம். "நீயும் போட்டுக்கோ. ஆனா வீடியோ கீடியோ பாத்துட்டு வந்து சொல்லாத" என்றாள் அம்மா. பார்க்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும் காபி ஆறும்வரை நானும் அந்தப் பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் நடக்கிறேன். கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, இது இன்னா விளையாட்டு என்கிறார். ஒரு வகுப்பறையில் யாரும் இல்லாமலே கரும்பலகையில் சாக்பீஸ் எழுதும் சத்தம் வருகிறது. முதல்முறை கேட்டபோது பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு தொடையைத் தேடினேன்.

நேற்று அந்த வகுப்பறையில் மாட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மூணாவது ரூமா? அத நாங்க போன வாரமே தாண்டிட்டோம்" என்றாள். பிறகு திரும்பி, "ஏம்மா, அவளுக்குச் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"வேணாங்க அத்தை. அண்ணியே கண்டுபுடிக்கட்டும். பெஞ்சுக்கு அடியில பாக்கச் சொல்லுங்க, அது போதும்" என்றது தம்பி மனைவியின் குரல், மிகப் பக்கத்தில். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வைத்துவிட்டு, பெஞ்சுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கத் தொடங்கினேன்.