ஆனைக்குட்டத்தில் ஐந்தாவது சத்தத்துக்குக் காத்திருந்தோம்

பொங்கல் விடுமுறை முடிந்த மறுவாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மதுரையில் விருதுநகர் பேருந்து ஏறினேன். கூப்பிட்டது என் கல்லூரித் தோழி ராணி. திருத்தங்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறாள். அழிந்த பறவைகள், அழிந்துவரும் பறவைகள் பற்றி அவளுடைய பிள்ளைகளிடம் பேச வேண்டும். பறவைகளைப் பற்றிப் படிப்பதென்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். பத்துப் பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் சாப்பாடு இறங்காது. இருந்தும் போனேன்.

விருதுநகருக்கு ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 50 ரூபாய். அங்கிருந்து ஆமத்தூர் வழியாகப் போகும் சிவகாசிப் பேருந்தில் திருத்தங்கலுக்கு முக்கால் மணி நேரம், 25 ரூபாய். இடப்பக்க ஜன்னலுக்காக அவசரப்பட வேண்டாம், இரண்டு பக்கமும் வெயில்தான்.

வகுப்பில் பத்தொன்பது பேர். டோடோ, இளஞ்சிவப்புத் தலை வாத்து, நம் மாநிலத்தில் இப்போது காணக் கிடைக்காத கானமயில் என்று ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டு வந்தேன். முன் பெஞ்சு மாரியப்பன் கையைத் தூக்கினான்.

"டோடோ எப்படிக் கத்தும்க்கா?"

"தெரியாது. அது இருந்த காலத்தில் யாரும் நம்பும்படியாகக் குறித்து வைக்கவில்லை."

"அப்ப நாங்க எப்படிக் கத்தினாலும் அதுதான்னு வச்சுக்கிடலாம்ல?"

அடுத்த நிமிடம் பத்தொன்பது டோடோக்கள் கத்தின. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்துவிட்டார். "செத்துப்போன பறவைக்கா இம்புட்டுச் சத்தம்?" என்றார். அதே சூட்டில் ராணி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைப் பறவைகளுக்குத் தரச் சொல்லி ஒரு மாதமாகக் கேட்டுவருவதை மறுபடி கேட்டாள்.

"அதைக் கணக்குக்குக் கேக்காக, ராணி. இல்லாமப்போனதையே காட்டிக்கிட்டு இருக்க என்னால பீரியடு குடுக்க முடியாது. நாளைக்கு ஆனைக்குட்டம் போறீகள்ல? அழியுற பட்டியல்ல இருக்குறதுல ஒண்ணையாவது புள்ளைக கண்ணால பாத்துட்டு, திங்கக்கெளம எங்கிட்ட வந்து சொல்லட்டும். பீரியடு ஒங்களுக்கு. இல்லைன்னா கணக்குக்கு."

ராணி நம்பியது ஆற்று ஆலாவை. உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவரும் நீர்ப்பறவை. முந்தைய மாதம் ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தில் ஒன்றைப் பார்த்திருந்தாள். ஒன்றே ஒன்றை.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு வேன். வாடகை 1,800 ரூபாய், தூரம் சுமார் பத்து கிலோமீட்டர். ஓட்டுநர் கருப்பசாமி கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "பத்து மணிக்கு ஆமத்தூர்ல சவாரி இருக்கு டீச்சர். ஒம்போதரைக்கு வண்டிய எடுத்துருவேன். பறவை வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

கரை ஏறும்போது மணி ஆறு நாற்பது. தண்ணீர் நிறையக் கிடந்தது. நீர்க்காகங்கள் இறக்கையைக் காயப்போட்டிருந்தன. கொக்கு, நாரை, முக்குளிப்பான், மீன்கொத்தி. பிள்ளைகள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு, "இது பட்டியல்ல இருக்காக்கா?" என்று கேட்டார்கள். ஒன்றேகால் மணி நேரம் நான் 'இல்லை' என்ற ஒரே பதிலைச் சொன்னேன். அவ்வளவு பறவைகளைப் பார்த்துவிட்டு ஏமாற்றமாக உணர்ந்தது அன்றுதான் முதல் முறை.

எட்டு ஐந்துக்கு டமார் என்று ஒரு சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேவிட்டேன். பிள்ளைகளில் ஒருவர்கூட அசையவில்லை.

"ஏலே, அக்கா பயந்துட்டாகலே!"

அசைந்தவை பறவைகள். நீர்த்தேக்கம் முழுவதும் ஒரே வீச்சில் எழும்பி, வட்டமடித்து, தெற்கே போய்விட்டன. ராணி என்னைப் பார்த்தாள். கிளம்பிவிடலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது.

அப்போதுதான் பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். பிள்ளைகளில் அதுவரை ஒரு வார்த்தை பேசாத பெண். "அது எங்க அம்மா வேல பாக்குற பட்டாசுக் கம்பெனிக்கா. புது லோடு வந்தா சாம்பிள் வெடி போட்டுப் பாப்பாக. அஞ்சுதான் போடுவாக. அதுக்கப்புறம் சத்தமே இருக்காது. பறவையெல்லாம் திரும்ப வந்துரும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மாவுக்குச் சோறு கொண்டுபோறப்ப இங்கனதான போவேன். லீவு நாளெல்லாம் பாப்பேன்ல."

உட்கார்ந்தோம். இரண்டாவது சத்தத்துக்கு எல்லாரும் சேர்ந்து "ரெண்டு!" என்றார்கள். கால் மணி நேரத்தில் மூன்று, நான்கு. அதோடு நின்றுவிட்டது. எட்டு நாற்பது. எட்டு ஐம்பத்தைந்து.

"நமுத்திருக்கும்லே."

"நமுத்தா அது கணக்குல வராது. வேற ஒண்ணு போடுவாக."

"ஒங்க அம்மாதான் மேனேஜரா?"

"மேனேஜருக்கே எங்க அம்மாதாம்லே சொல்லிக் குடுக்கும்!"

கருப்பசாமி கீழிருந்து ஒருமுறை ஹாரன் அடித்தார். பிறகு அவரே கரையேறி வந்து, "என்ன, எல்லாரும் வானத்தைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கீக?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். பேச்சியம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துண்டை விரித்து அவரும் உட்கார்ந்தார்.

ஒன்பது பதினொன்றுக்கு ஐந்தாவது வெடித்தது. அப்படியொரு கைதட்டல்! "தீவாளிக்குக்கூட இப்படிக் கத்த மாட்டீகளேலே" என்று அவர் சிரித்தார். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீர்க்காகங்கள் முதலில் திரும்பின. பின்னாலேயே கொக்குகள். ஒன்பது இருபத்தாறுக்குப் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்தாள். "அங்கன."

தண்ணீருக்கு மேலே, அவசரமே இல்லாமல் வந்தது. சாம்பல் முதுகு, கறுப்புத் தொப்பி, கத்தரிக்கோல் போலப் பிளந்த வால். எங்களுக்கு நேரே வந்து, மடங்கி, கல் விழுவதுபோல் தண்ணீருக்குள் விழுந்து எழுந்தது. மஞ்சள் அலகில் மீன் துள்ளியது.

"மீனோட வந்துட்டாம்லே!" இது பிள்ளைகள் இல்லை, கருப்பசாமி. அப்போதே அவர் செல்போன் அடித்தது. "அண்ணே, பத்து நிமிசம். டிராபிக்" என்றார். அந்தக் கரையில் எங்களையும் இரண்டு ஆடுகளையும் தவிர வேறு நடமாட்டம் இல்லை.

பறவை திரும்பும்போது கத்தியது. யாரும் சொல்லாமலே பத்தொன்பது நோட்டுகளும் திறந்தன. ஒருவர் 'கீ-விக்' என்று எழுதினார், ஒருவர் 'க்ரீக்', மாரியப்பன் 'ராக்கெட் கிளம்புற மாதிரி'. எதையும் நான் திருத்தவில்லை.

திரும்பும் வழியில் பேச்சியம்மாள் கேட்டாள்: "எங்க கம்பெனிச் சத்தத்துலதான் அது அழியுதாக்கா?"

இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது என்று பட்டது. அது வெறும் மணலில் முட்டையிடுகிற பறவை. ஆற்று மணல் போனதும், திட்டுகளை நாய்கள் மேய்வதும்தான் பெரிய காரணங்கள் என்றேன். சத்தத்துக்குப் பயந்து எழுந்து போனால் முட்டை வெயிலில் கிடக்கும் என்பதையும் சொன்னேன்.

"முட்டை எப்ப இடும்?"

"மாசி, பங்குனி வாக்கில்."

அவள் நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: தை மாதம் நல்லது, மழைத் தண்ணீர் இருக்கும். ஏழு மணிக்குள் கரையில் இருங்கள். நிழல் குறைவு, தண்ணீர், தொப்பி அவசியம். கரையில் கடை கிடையாது. சத்தம் கேட்டால் கிளம்பிவிடாதீர்கள், இன்னும் எத்தனை பாக்கி என்று ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். திரும்பும்போது மாலையில் விருதுநகரில் இறங்கி எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் வராதீர்கள். ஆசிரியர்களுக்கு ஒன்று: நான் அழிந்தவற்றிலிருந்து பாடத்தைத் தொடங்கினேன். அடுத்த முறை, இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் இல்லாததைச் சொல்வேன். எதை இழக்கக் கூடாது என்று தெரிந்த பிறகுதான் இழப்பு புரிகிறது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து விசாரித்தாராம். பத்தொன்பது பேரும் அதே தொப்பியை, அதே வாலைச் சொன்னார்கள். பீரியடு கிடைத்துவிட்டது.

முதல் வெள்ளிக்கிழமை அந்தப் பீரியடில் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள்: மாசியிலும் பங்குனியிலும் சாம்பிளை நீர்த்தேக்கத்தைவிட்டுத் தள்ளி, கம்பெனியின் மறுபக்கம் போட முடியுமா என்று. பேச்சியம்மாள் சொல்லச் சொல்ல மாரியப்பன் எழுதியது. கொண்டுபோய்க் கொடுக்கப்போவது அவள் அம்மா. ராணி அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'ஐயா, நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஒரு சனிக்கிழமை வாருங்கள், நாங்கள் காட்டுகிறோம்.'