இழுப்புக்காரியின் இரண்டு ஓட்டம்

மூக்கை ஒரு கிளிப்பால் இறுக்கிவிட்டு வாயால் மட்டும் மூச்சு விடச் சொன்னால், இரண்டே நிமிடத்தில் நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே போகிற ஏசிக் காற்று, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி தொண்டையை உரசிக்கொண்டே இறங்கும். பத்து வயதில் அந்த உரசலோடு ஆஸ்பத்திரி டிரெட்மில்லில் இரண்டு முறை ஓடியிருக்கிறேன். இரண்டாவது முறை ஓட வேண்டி வந்ததற்கு முழுக் காரணம் என் அம்மா.

எனக்கு ஆஸ்துமா. கொருக்குப்பேட்டையில் எங்கள் வீடு கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்பக்கம். சிமெண்டு மூட்டை இறங்குகிற நாளில் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் பூத்துவிடும், எனக்கு நெஞ்சுக்குள் விசில் ஆரம்பித்துவிடும். தெருப்பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் "இழுப்பு". பெயருக்கு ஏற்றபடி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தொல்லையில்லை, ஆனால் எனக்கு ஓட்டத்தின் மேல் அப்படியொரு வெறி. பள்ளி ரிலே அணியில் என்னைச் சேர்த்துக்கொள்ள பி.டி. மிஸ்ஸுக்கும் ஆசைதான், மைதானத்தில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில், டாக்டரிடம் லெட்டர் வாங்கி வந்தால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் வழக்கமாகக் காட்டுகிற டாக்டரம்மா, ஓடவிட்டுப் பார்க்காமல் எழுதித் தர மாட்டேன் என்றார். ஓடுவதற்கு முன்னும் பின்னும் குழாயில் ஊத வேண்டும், ஓடினால் மூச்சுக்குழல் எவ்வளவு சுருங்குகிறது என்று மெஷின் காட்டிவிடும், அதனால் அன்று காலையிலிருந்து, இழுப்பு வந்தால் வாயில் வைத்து அடித்துக்கொள்கிற மருந்துப் பம்பை அடிக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அம்மா இரண்டு தடவையும் தலையாட்டினாள். நோயைக் கண்டுபிடிக்கத்தான் ஓடச் சொல்கிறார்கள் என்பது எங்கள் வீட்டில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. நான் போய் ஜெயித்து வர வேண்டும் என்றே எல்லோரும் நினைத்தோம். நைனா வேலைக்குக் கிளம்பும்போது என் தலையைத் தடவி, "பாஸாய்ட்டு வா" என்றார்.

ஆஸ்பத்திரி பாத்ரூமில் அம்மா கதவைத் தாழ் போட்டுவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து பம்பை எடுத்தாள்.

"ரெண்டே ரெண்டு வாட்டி இழுத்துக்க. கேட்டா ஒண்ணும் அடிக்கலன்னு சொல்லணும், தெர்தா? கொயந்திய மூச்சு முட்டுற வரிக்கும் ஓடவுட்டு பாப்பாங்களாம், இன்னா மன்சங்களோ!"

நான் ஓடினேன், ஊதினேன், கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினேன். எதுவும் சுருங்கவில்லை. டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம் கலந்த சந்தோஷம்; தாராளமாக ஓடலாம், ஓடுவதற்கு முன் பம்புகூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பாத்ரூமில் நடந்தது எனக்குத் தெரியும், ஆனால் ரிலே பேட்டன் என் கைக்கு வருகிற நேரத்தில் உண்மையாவது ஒன்றாவது, வாயை இறுக்க மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் ஸ்கூல் பையிலிருந்த பம்பை எடுத்து அலமாரியில் வைத்தாள். "ரெண்டு இழுப்பு சும்மா ஒரு தொணைக்கு குடுத்தேன். மெஷினே உள்ள பூந்து பாத்து ஒண்ணும் இல்லன்னுட்ச்சு, இனிமே இன்னாத்துக்கு?" என்றாள். டாக்டரிடம் பொய் சொன்னவளும் அவள்தான், அந்தப் பொய்யை எல்லோருக்கும் முந்தி நம்பியவளும் அவள்தான்.

மூன்றாம் நாள் பயிற்சியில் பாதிச் சுற்று தாண்டியதும் நெஞ்சு பூட்டிக்கொண்டது. பி.டி. மிஸ் என் பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினார். நோட்டும் டிபன் பாக்ஸும் விழுந்தன. யாரோ எங்கள் வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். உதடு நீலம் பாய்ந்து கிடந்த என்னை நோக்கி அம்மா செருப்பில்லாமல், பம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் நின்றாள். "நான்தான் மேடம் அன்னிக்கி பாத்ரூம்ல வச்சு அடிச்சுவுட்டேன். ஃபெயிலாய்டுவாளோன்னு பயந்துகினேன்."

அவ்வளவு சாதுவான டாக்டரம்மா அன்று கத்தியதைப் போல நான் கேட்டதில்லை. "ஓடினா இவளுக்கு இழுக்குதுன்னு தெரியத்தானம்மா ஓடவிட்டேன்! தெரிஞ்சா மருந்து குடுத்து ஓடவிடலாமே!" அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நெஞ்சு முழுசாகத் தேறட்டும், சில வாரம் கழித்து மறுபடி ஓடிப் பார்க்கலாம், இந்த முறை நீங்களும் உள்ளே இருங்கள் என்றார்.

இருந்தாள். பக்கத்தில் ஆக்சிஜன், நெபுலைசர் எல்லாம் தயாராக இருந்தும் கையில் பம்போடுதான் நின்றாள். ஓடி இறங்கியபோது நன்றாகத்தான் இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மெதுவாகக் கழுத்துக்குழி உள்வாங்க ஆரம்பித்தது. "ஊது, ஊது, இன்னும் ஊது" என்றார் டாக்டரம்மா. ஊதினேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னார். நெஞ்சுக்குள் விசில் அந்த அறைக்கே கேட்டது. அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நிமிடம் நான் அவளை வெறுத்தேன், உண்மையாகவே வெறுத்தேன்.

"போதும், குடுங்கம்மா" என்ற குரல் கேட்டதும் அம்மா திரும்பினாள், ஆனால் அவளால் விரலைப் பிரிக்க முடியவில்லை. டாக்டரம்மாதான் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக விடுவித்துப் பம்பை எடுத்தார். உள்ளங்கையில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு என் வெறுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை, மருந்து இறங்க இறங்க நான் அழுதுகொண்டே இருந்தேன்.

ஓடலாம், ஆனால் கால் மணி நேரம் முன்பே இரண்டு முறை பம்பு அடித்துவிட்டு ஓட வேண்டும் என்று புது லெட்டர் கிடைத்தது. ரிலேயில் மூன்றாவது ஆளாக ஓடினேன். எங்கள் அணி கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தது.

இன்று அந்த மைதானம் இல்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. "இழுப்பு" என்று கூப்பிடவும் யாருமில்லை, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். வளர வளர இழுப்பும் குறைந்துகொண்டே வந்து, சில வருடமாகச் சுத்தமாக எட்டிப் பார்க்கவில்லை. இனியும் மருந்து வேண்டுமா என்று தெரிந்துகொள்ளப் போன மாதம் வேறொரு ஆஸ்பத்திரியில் என்னை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வயதுக்காரிக்குத் துணை எதற்கு என்று எவ்வளவு சொல்லியும் அம்மா கேட்கவில்லை, கூடவே வந்து உட்கார்ந்துகொண்டாள். ஓடி, ஊதி முடித்ததும் இளம் டாக்டர் ஒருவர் சிரித்தபடி, எல்லாம் நார்மல், இனி மருந்தே தேவையில்லை என்றார். நான் நன்றி சொல்லி எழுந்தேன். அம்மா எழவில்லை.

"நா இன்னிக்கி ஒண்ணும் குடுக்கல சார், சத்தியமா" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா என் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள்: "இருந்தாலும் என் கண்ணு முன்னால இன்னொரு வாட்டி ஓடவுட்டுப் பாருங்க சார்."