நாற்பதுக்கு வந்த தொண்ணூற்றாறு

எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வரி ரசீதில் மட்டும் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் கூப்பிடுவது 'நாற்பது' என்று. அவருடைய வேன் நாற்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. ஒரு தடவை பின்னால் வந்த சவ வண்டியே ஹாரன் அடித்தது. அந்த வண்டியில் அவசரப்படாதவர் படுத்திருந்தவர் ஒருவர்தான்.

அப்படி ஓட்டக் காரணம் தொழில். வேனுக்குள் சாய்வாக ஒரு மரச்சட்டம். அதில் கண்ணாடிகளை நிறுத்தி, நடுநடுவே பழைய கம்பளித் துண்டைச் செருகியிருப்பார். ரோடு சரியில்லையென்றால் கண்ணாடி லேசாக முனகுமாம். காது அதிலேயே இருக்கும், முனகல் கேட்டதும் கால் தானாக மேலே வந்துவிடும். இருபத்திரண்டு வருடத்தில் வழியில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டதில்லை. பெரிய கடையில் விலை குறைவென்று தெரிந்தும் ஜனங்கள் இவரிடம் வருவது அதனால்தான்.

அவர் மனைவி எங்களுக்கெல்லாம் அக்கா. கடைக்குக் கை அவர், வாய் அக்கா. அவர் மூன்று தடவை அளந்து ஒரு தடவை வெட்டுவார். அக்கா அளக்கவே மாட்டார், நேராக வெட்டுதான். தொலைதூர டெலிவரி என்றால் முன் சீட்டில் அக்கா ஏறிக்கொண்டு, ஒரு கையைப் பின்னால் நீட்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். அக்காவுக்கு ஒரு கொள்கை இருந்தது. சட்டம் காலியாக வண்டி ஓடக்கூடாது. தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்த ஊரில் கண்ணாடி வேண்டுமென்கிற ஒரு ஆளைப் பிடித்துவிடுவார். திரும்பும்போது உடைசல் கண்ணாடி வாங்கி வருவார். ஆகக் கல்யாணமான நாளிலிருந்து கண்ணாடி இல்லாத வேனில் அக்கா உட்கார்ந்ததே இல்லை. கடைக்கு ஆள் வேண்டுமென்று அக்கா கடையிலேயே நின்றுவிடுகிற நாட்களில் மட்டும் அவர் தனியாகப் போய், கண்ணாடியை இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்புவார்.

அவர் கடைக்கும் என் பஞ்சர் கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். நான் ஒட்டுக்கேட்கிறவன் இல்லை. காதைக் கழற்றி எங்கே மாட்டி வைப்பது?

ஒரு நாள் தபாலில் கடிதம் வந்தது. மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊரிலிருந்து. இன்ன நம்பர் வேன், அறுபதில் போகவேண்டிய ரோட்டில் தொண்ணூற்றாறில் போனது, கேமராவில் பதிவாகியிருக்கிறது. பதினைந்து நாளுக்குள் அபராதம் கட்டவும், இல்லையென்றால் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் வந்து மறுக்கவும். கூடவே வேனின் முதுகு மட்டும் தெரிகிற ஒரு படம்.

அக்கா முதலில் சிரித்தார். அப்புறம்தான் கோபம் வந்தது.

"தொண்ணூத்தாறா? இந்த மனுஷன மலை மேலேர்ந்து உருட்டி விட்டாக்கூட தொண்ணூத்தாறுல வரமாட்டாரே!"

நாற்பது ஒரு முகக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"கட்டிட்டு விட்ருவோம்டி. எதுக்கு அலைச்சல்?"

"கட்டினா செஞ்சோம்னுதானே அர்த்தம்? செய்யாத தப்புக்கு நாம ஏன் கட்டணும்? நேர்ல போய் ரெண்டு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அதில் என் உழைப்பும் கொஞ்சம் உண்டு. அக்கா ஒரு நோட்டு வாங்கி வீடு வீடாகப் போய்ச் சாட்சி எழுதி வாங்கினார். தபால்காரர் எழுதினார்: "இவர் வேனை நான் நடந்தே இரண்டு முறை முந்தியிருக்கிறேன். இரண்டாம் முறை எனக்குக் காலில் சுளுக்கு." தையல்கார அம்மா எழுதினார்: "கதவுக்குக் கண்ணாடி கேட்டேன். வேன் வந்து சேர்வதற்குள் கதவுக்கு வேறு பெயின்ட் அடித்துவிட்டேன்." பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் ஒரு பக்கம் முழுக்க எழுதினார், பாதி எனக்குப் புரியவில்லை. நானும் எழுதினேன்: "டயரில் காற்று எப்போதும் சரியாக இருக்கும்."

அதோடு விட்டிருக்கலாம். அக்கா நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சொன்னார்:

"அவரு அப்படி ஓட்டியிருந்தா, இனிமே அந்த வேன்ல நான் கால் வைக்கமாட்டேன். எழுதி வெச்சுக்கோங்க!"

நாற்பதின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. மறுநாள் மத்தியானம் என் கடைக்கு வந்து காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நீ டயர் பாக்கறவன்."

"பாத்துட்டுதாண்ணே இருக்கேன். எட்டு மாசத்துல பின் டயர் மொட்டை. நாப்பதுல போற வண்டிக்கு மூணு வருஷம் வரணும். ஊரே ஒண்ணு சொல்லுது, டயர் வேற சொல்லுது."

அவர் வெட்கப்பட்டார். ஐம்பது வயது ஆள் வெட்கப்பட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

"கண்ணாடிய இறக்கிட்டேன்னா அந்த முனகல் நின்னுடுதுப்பா. காதுக்கு வேலையில்ல. ரோடு நீளமா கெடக்கு. கால் கேக்க மாட்டேங்குது."

"அக்காகிட்ட சொல்லிடுங்களேன்."

"கால் வைக்கமாட்டேன்னு தெருவுக்கே சொல்லிட்டாளே. சொன்னா சொன்னதுதான், உனக்குத் தெரியாதா? அவ இல்லாம அந்த முன் சீட்டப் பாத்துக்கிட்டு நான் எப்படிப்பா ஓட்டறது?"

நான் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி, வராத குமிழியைத் தேடினேன்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிளம்பினோம். நானும் சாட்சி, பின் பலகையில். சட்டத்தில் அந்த ஊர் சலூனுக்கு ஒரு பெரிய கண்ணாடி. மூன்று மணி நேர ரோடு ஐந்தரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அக்கா எட்டி மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் கத்தினார்.

"முப்பத்தஞ்சு! பாத்துக்கோ தம்பி, முப்பத்தஞ்சு! இதையும் நோட்டுல எழுது!"

சலூனில் கண்ணாடியை மாட்டியாயிற்று. "பழசு ரெண்டு கெடக்கும்மா, போறப்ப எடுத்துட்டுப் போங்க" என்றான் சலூன்காரன். சரியென்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனோம்.

இரண்டாவது மாடி. மேஜைக்குப் பின்னால் சளி பிடித்த ஒரு அதிகாரி, சின்ன வயசுப் பெண். நோட்டைப் புரட்டப் புரட்டக் கைக்குட்டைக்குள் சிரித்தாள். தபால்காரரின் சுளுக்கு வந்த இடத்தில் இருமலே வந்துவிட்டது.

"சார், இத்தனை பேர் பொய் சொல்ல மாட்டாங்க. உங்க நம்பர வேற யாராவது மாட்டிக்கிட்டு ஓட்டியிருக்கலாம். அன்னைக்கு நான் ஓட்டலன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க. நோட்டீஸ நிறுத்தி வைக்கறேன்."

"போடுங்க, போடுங்க" என்று அக்கா காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். என்னைப் பார்த்து, எப்படி என்று புருவத்தைத் தூக்கினார்.

நாற்பது பேனாவை எடுத்தார். கண்ணாடி அளக்கிற மாதிரி அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தார். நான் மின்விசிறியை எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது. பேனாவை மூடி கீழே வைத்தார்.

"நான்தாம்மா ஓட்டினேன்."

"என்ன உளர்றீங்க?" என்றார் அக்கா.

"உளறல. தொண்ணூத்தாறேதான். கண்ணாடிய இறக்கிட்டுத் திரும்பி வந்தப்போ. சட்டம் காலி."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை சார். முன்பக்கம் எடுத்த படம் ஒண்ணு இருக்கு. மறுத்தா அதைத்தான் அடுத்து எடுத்துப் பாப்போம்." கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள்.

நாற்பதேதான். தலைமுடி நாலா பக்கமும் பறக்கிறது. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. அக்கா மூக்கு படுகிற அளவு கிட்டே போனார்.

"பக்கத்துல யாரு?"

"பைம்மா, அது" என்றாள் அதிகாரி.

"வாய் ஏன் பொளந்து கெடக்கு?"

நாற்பது தரையைப் பார்த்துச் சொன்னார். "பாடிக்கிட்டு வந்தேன்."

"நீங்களா? இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு வரி பாடி நான் கேட்டதில்லையே!"

"நீ வர்றப்ப கண்ணாடி இருக்குமே. அது முனகறத கேக்கணும். பாடினா எப்படிக் கேக்கும்?"

அக்கா பேசாத நிமிஷங்களை நான் கணக்கு வைத்திருக்கிறேன், இதோடு இரண்டு. படத்தை இன்னொரு தடவை பார்த்தார். நோட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எழுதினவங்க யாரும் பொய் சொல்லலம்மா. அவங்க பாத்தது அதுதான்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

கீழே அபராதத்தைக் கட்டிவிட்டு வேனுக்கு வந்தோம். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். நாற்பது முன் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். ஏறு என்று சொல்லத் தைரியமில்லை. அக்கா தெருவில் நின்று என்னைக் கேட்டார்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"இன்னைக்கு இருக்கான்னே தெரியலக்கா" என்றேன். பஸ் நிலையம் எதிரிலேயே இருந்தது.

அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடி இல்லாத சட்டத்தையும் பார்த்தார்.

"அந்த சலூன்காரன் பழைய கண்ணாடி தரேன்னானே?"

"ஆமா, போற வழிதான். எடுத்துக்கலாம்" என்றார் நாற்பது அவசரமாக.

"வேணாம். அவனே வெச்சு அழகு பாத்துக்கட்டும்."

சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வேனுக்குள் வைத்தார்.

"போர்டுல எவ்வளவு போட்டிருக்கோ அவ்வளவுல போங்க. அதுக்கு மேல ஒண்ணு கூடுச்சு, குதிச்சிடுவேன்."

ஊர் எல்லை தாண்டியதும் போர்டு எண்பது என்றது. மீட்டர் முள் நாற்பதைத் தாண்டியபோது அக்கா சீட்டைப் பிடித்தார். அறுபதில் விட்டார். எண்பதில் கொண்டை அவிழ்ந்து முடி என் முகத்தில் அடித்தது. பின்னால் நீட்ட வேண்டிய கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

"ம்ம், பாடுங்க" என்றார்.

பாடினார். இருபத்திரண்டு வருடம் அடக்கி வைத்தது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குத்தான் தெரியும். அக்கா ரசித்துக் கேட்டார்.

தெருவில் இறங்கியதும் அக்காவே முந்திக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டார், எனக்கென்று ஒரு சொல்லும் மிச்சம் வைக்கவில்லை. தையல்கார அம்மா, "கால் வைக்கமாட்டேன்னீங்களே?" என்று கிண்டினார். "நான் சொன்னது கண்ணாடிய ஏத்திக்கிட்டு அப்படி ஓட்டினா!" என்று அக்கா அங்கேயே புதுச் சட்டம் போட்டார். அடுத்த வாரம் வேனின் முதுகில் பெயின்டால் எழுதியாயிற்று: கண்ணாடி இருந்தால் நாற்பது. இல்லையென்றால் போர்டில் உள்ளபடி.

இப்போதெல்லாம் மாதம் ஒரு தடவையாவது ஏதோ ஒரு தூரத்து ஊரில் ஏதோ ஒரு சின்னக் கண்ணாடிக்கு ஆர்டர் பிடித்துவிடுகிறார் அக்கா. கையகலக் கண்ணாடிக்கும் இரண்டு பேரும் போகிறார்கள். உடைசல் கண்ணாடி வியாபாரம் படுத்துவிட்டது. எனக்கு நட்டமில்லை, பின் டயர் இப்போது ஏழே மாதத்தில் தேய்கிறது.