வாசலில் எரிந்த பச்சை விளக்கு

ராசிபுரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. ஷெட்டின் மின்விசிறிகளை ஓட்டும் கணினிப் பெட்டிக்குப் புது லினக்ஸ் இயங்குதளம் ஏற்றியது நான்தான். விசிறி நிரலுக்குத் தேவையான ஒரு கோப்பைப் பெட்டிக்குள் வைக்காமல், அது இருக்கும் இடத்தைக் காட்டும் இணைப்பை மட்டும் வைத்துவிட்டேன். கோப்போ, கேபிளில் சேர்ந்திருந்த என் லேப்டாப்பில் இருந்தது. கோப்பு ஏற்கெனவே பெட்டியின் நினைவகத்தில் ஏறியிருந்ததால், கேபிளைக் கழற்றிய பிறகும் விசிறிகள் ஓடின. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்காமலே கிளம்பினேன். பெட்டி பண்ணை வீட்டு வாசலில் இருந்தது; அதன் முகப்பில் ஒரு பச்சை விளக்கு. “பச்சை எரிஞ்சா விசிறி ஓடுதுன்னு அர்த்தம், ஷெட்டு வரைக்கும் நடக்க வேண்டாமுங்க” என்று பண்ணைக்கார அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

மதியம் கரண்ட் போய் வந்தது. மீண்டும் தொடங்கிய பெட்டி அந்தக் கோப்பைத் தேடியது. இணைப்பு காட்டிய இடத்தில் எதுவும் இல்லை. விசிறிகள் சுற்றவில்லை; அடைத்த ஷெட்டுக்குள் வெக்கை ஏறியது.

போன் வந்து நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, அந்த அம்மா செத்த கோழிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தது.

“தப்பு என்னுதுங்க” என்றேன்.

அவர் திட்டவில்லை. “பச்சை லைட்டு எரிஞ்சுதுங்களே சாமி” என்றார், புரியாமல்.

மின்சாரம் வருகிறது என்பதைத் தவிர அந்த விளக்குக்கு வேறெதுவும் தெரியாது. அவரிடம் சொன்னபோதே அது எனக்குத் தெரியும். இன்றும் ‘எல்லாம் ஓடுகிறது’ என்று யாரிடமாவது சொல்ல வரும்போது, அந்தப் பிளந்த வாய் கண்முன் வருகிறது.