மரப்பல் சக்கரம்

மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். இன்று ஹட்டனில் எனக்குச் சொந்தமாகக் கராஜ் இருக்கிறது. லொறி மேட்டில் ஏறும்போதே, கியர்ப் பெட்டியில் பல் போயிருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவேன். இந்தக் காது கராஜில் கிடைத்ததல்ல. பூண்டுலோயாப் பக்கம், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசற்படியில் கிடைத்தது.

அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கொழுந்தை உருட்டும் ரோலரை ஓட்டிய பெரிய சக்கரத்துக்கு மரத்தில் பற்கள். கொழுந்து சிக்கி ரோலர் இறுகினால், அந்த உதையை மரப்பல் வாங்கிக்கொண்டு உடையும். இரும்புத் தண்டு தப்பிக்கும். பற்களைச் செதுக்குவது அப்பாதான். எல்லாம் கொய்யா மரம். கையில் எடுத்தால் கனக்கும்.

மாசியில் காமன் கூத்து. அதிலும் அப்பாதான் ரதி. மன்மதன் எரிந்ததும் அவர் அழுதால் கங்காணிமார்கூட மூக்கைச் சிந்துவார்கள். ஆனால் அது கொழுந்து குவியும் காலம், லீவு கிடையாது. இருந்தும் வருஷா வருஷம் கூத்தன்று பொழுது சாயும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ரோலர் நின்றுவிடும். புதுப்பல் விடியும்வரை எண்ணெயில் ஊற வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம்.

"காமன் கூப்பிட்டுட்டான்டா" என்று அம்மா தன் கலியாணச் சேலையை எடுப்பாள். "ரதியம்மா, போன வருஷம் மாதிரி கிழிச்சிக்கிட்டு வந்துறாதீங்க."

"ரதி அழுவாளா, சேலையைப் பாப்பாளா?" என்பார் அப்பா. உடைந்த பல்லை எனக்கு விளையாடத் தருவார்.

பிறகு இரும்புப் பல் சக்கரம் வந்தது. நான்தான் லயம் முழுக்கப் பெருமையடித்தேன். "அப்பா, இனிமே ஒடையவே ஒடையாதாம்."

"ஆமாடா, ஒடையாது" என்றவர், உளியைத் துணியில் சுற்றி வைத்தார்.

அந்த மாசியில் அம்மா சேலையை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில். கீழே தப்பு முழங்கியது. சக்கரம் நிற்கவேயில்லை. மேல் லயத்து மாமா ரதியாக அழுதார்.

"அந்த ஆளு அழுதா சிரிப்புத்தான் வருது" என்று அம்மா எழுந்து உள்ளே போனாள்.

அப்பா ஆடிய கடைசிக் கூத்தன்று உடைந்த பல் இன்றும் என் மேசையில் இருக்கிறது. கனமே இல்லை, நகம் பட்டால் பள்ளம் விழும். கொய்யா அல்ல, தேயிலைக்கு நிழலுக்கு நடும் முள்முருங்கை. சக்கரம் நிற்காத அந்த மாசி இரவில் அதைத்தான் கையில் உருட்டிக்கொண்டு, காமன் ஏன் இந்த வருஷம் அப்பாவைக் கூப்பிடவில்லை என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.