லாபம், ஒன்று, இரண்டு

சென்ற செவ்வாய்க்கிழமை வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கிள்ளான் மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. நம் பள்ளி விடுதிச் சமையலைப் பார்த்துவந்த தங்கம்மா அக்கா காய்ச்சலில் இறந்துவிட்டார். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். பிரிக்பீல்ட்ஸில் அவர் கைச்சோறு உண்ட பழைய மாணவிகளான உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஆனால் இந்த ஒரு கதை தெரிந்திருக்காது.

நான் மதராஸில் பட்டம் பெற்று இங்கே வேலைக்கு வந்த புதிது. நாலு பேர் நடுவில் பேச வராத எனக்கு, தங்கியிருந்த விடுதியின் அடுக்களைதான் புகலிடம். ஒரு நாள் அக்கா, "பன்னெண்டு படி அரிசி அளங்க, டீச்சர். லாபம்னு ஆரம்பிங்க" என்றார். என் அப்பா ரயில் பாதைக் கூலி. எங்கள் வீட்டில் பால் டின்னால் ஒரு முறை அள்ளினால் போதும், எண்ண வேண்டியிருந்ததில்லை. முதல் படிக்குத்தான் லாபம் என்று பெயர் என்பது தெரியாமல், அதை வாழ்த்துக்காகப் போடும் கூடுதல் படி என்று நினைத்து, "லாபம், ஒன்று, இரண்டு" என்று பன்னிரண்டு வரை பதின்மூன்று படி அளந்துவிட்டேன். ஒரு படிச் சோறு மிஞ்சியது.

"லாபம்னாலே ஒண்ணுதான். பி.ஏ.வுல அதைச் சொல்லித் தரலையா?" என்று சிரித்தார் அக்கா. "காலையில பழையது டீச்சருக்குத்தான்."

அதே வாரம் வகுப்பில், எண்கள் எத்தனையோ இரட்டை எண்களும் அத்தனையே என்று சொன்னேன். "பாதிதானே, டீச்சர்?" என்று பெண்கள் சிரித்தார்கள். ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்று ஜோடி சேர்த்துக்கொண்டே போகலாம் என விளக்காமல், அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டேன். தலைமையாசிரியை காதுக்குச் செய்தி போயிற்று. மறுநாள் வகுப்பில் வந்து உட்காருவதாகவும், என்னை வேலையில் வைத்துக்கொள்வதா என்பதை அதன் பிறகே சொல்வதாகவும் கூறினார். சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டுவிடலாம் என அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கீரை ஆய்ந்தபடியே நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"அந்த எண்ணுக்கெல்லாம் முடிவு இருக்கா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன? நீங்க லாபம்னப்போ என் கணக்குல ஒண்ணு. நீங்க ஒண்ணுன்னப்போ எனக்கு ரெண்டு. ஜோடி சரியாத்தானே போச்சு? பன்னெண்டோட நிறுத்தினதாலதான் ஒரு படி மிஞ்சிச்சு. நிறுத்தவே இல்லைன்னா எது மிஞ்சும்?"

மறுநாள் பெண்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, ஒன்றை லாபத்திலிருந்தும் மற்றதை ஒன்றிலிருந்தும் எண்ணச் சொன்னேன். பிறகு லாபம் சொன்ன வரிசைக்கு இரட்டை எண்களைக் கொடுத்தேன். கடைசியில் நின்ற பெண், "நிறுத்தினாத்தான் டீச்சர் மிஞ்சும்" என்றாள். பின்னாலிருந்த தலைமையாசிரியை தலையசைத்தார். என் வேலை நிலைத்தது.

அக்காவின் அடக்கத்துக்குக் கிள்ளான் போய்த் திரும்பிய மாலை, விடுதியில் அரிசி அளக்க ஆளில்லை. நானே அளந்தேன். லாபம், ஒன்று, இரண்டு. இம்முறை தெரிந்தேதான் ஒரு படி கூட்டினேன். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு படிதான். காலையில் பழையதை நானே சாப்பிட்டேன்.