மணிக்கூண்டு இல்லாத சாரம்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ரப்பர் மறைப்பாள். பூசணிக்காய் என்ன, முழு பஸ்ஸையே மறைப்பாள். ஒருமுறை புதுமணத் தம்பதி கடற்கரைச் சாலையில் கைகோத்து நிற்க, அவர்களுக்குப் பின்னால் ஒரு பஸ் கரும்புகையைக் கக்கிக்கொண்டு படத்துக்குள் வந்துவிட்டது. ரப்பர் உட்கார்ந்தாள். டீ ஆறுவதற்குள் பஸ்ஸும் இல்லை, புகையும் இல்லை, கடல் மட்டும் இருந்தது.

ரப்பர் என்பது ஸ்டூடியோ முதலாளி வைத்த பெயர். பென்சில் கோட்டை அழிக்கிற ரப்பர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு ஆட்கள் வாசலிலேயே, "ரப்பர்க்கா இருக்காங்களா? அவங்க கையாலதான் வேணும்" என்று கேட்க ஆரம்பித்ததும் கோபம் போய், நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. வரட்டுமே, என்ன தப்பு? வேலை தெரிந்தவளுக்கு மிடுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்க வேண்டும்?

ஸ்டூடியோவின் பின்னறைதான் அவள் ராஜ்ஜியம். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பழைய ஆல்பத்தின் அட்டையை மடித்து அடியில் வைத்திருந்தாள். முன்பெல்லாம் படத்திலிருந்து ஒரு மின்கம்பியை எடுக்க அரைநாள் ஆகும். பக்கத்து வானத்தைக் கிள்ளிக் கிள்ளிக் கம்பியின் மேல் ஒட்ட வேண்டும். ஏஐ வந்த பிறகு மவுஸால் அந்தக் கம்பியின் மேல் சிவப்பைப் பூசி ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். அது கம்பியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று தானே ஊகித்து நிரப்பிவிடும். வெறும் ஊகம்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கமே அதற்குக் கிடையாது.

அதை நம்பி அவள் ஒரே ஒருமுறை ஏமாந்தாள். ஒரு குடும்பப் படத்தில், சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பாவை எடுக்கச் சொன்னார்கள். சித்தப்பா போய்விட்டார். மாப்பிள்ளையின் தோளில் போட்டிருந்த அவர் கை மட்டும் போகவில்லை. படம் பெரிதாக அச்சாகி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிய பிறகுதான் யாரோ கவனித்தார்கள். "ஆளை அனுப்பிட்டுக் கையை மட்டும் வச்சுக்கிட்டியேம்மா" என்று முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து எதை எடுத்தாலும் அதன் நிழல், கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பம், அது தொட்டுக்கொண்டிருந்த இடம் என்று எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

அழித்துப் பிழைக்கிற இவளுக்கு வாய்த்த புருஷன் கட்டிப் பிழைக்கிறவர். சாரக்காரர். உயரமான கட்டடத்தில் பூச்சு வேலைக்கோ வண்ணம் அடிக்கவோ ஆள் ஏற வேண்டுமென்றால், அதற்கு முன்னால் இவர் ஏற வேண்டும். இரும்புக் குழாய்களை நிறுத்தி, குறுக்கே குழாய் போட்டு, கிளாம்பு மாட்டி முடுக்கி, பலகை பரப்பிக் கொடுத்துவிட்டு இறங்குவார். எல்லாரும் வேலையை முடித்ததும் மறுபடி ஏறி, கட்டியது அத்தனையையும் தன் கையாலேயே கழற்றிவிட்டு வருவார்.

வீடு விற்கிறவர்களும் ஹோட்டல்காரர்களும் கட்டடப் படத்தை ஸ்டூடியோவுக்கு அனுப்பினால் முதலில் சொல்வது, "அந்தச் சாரத்தை எடுத்துடுங்க" என்றுதான். ரப்பர் எடுத்துவிடுவாள். பாதி நேரம் அது அவள் வீட்டுக்காரர் கட்டிய சாரமாகவே இருக்கும். மாமியாருக்கு இது அவல் கிடைத்த மாதிரி. "அவன் நாள் முழுக்கக் கட்டுறான், இவ நிமிஷத்துல கலைக்கிறா. நல்ல ஜோடிப் பொருத்தம்!" என்று யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பார். சாரக்காரரும் சிரிப்பார். அவர் வாயைப் பிடுங்கினாலும் அதற்கு மேல் ஒன்றும் வராது.

அப்படிப்பட்டவர் மணிக்கூண்டு வேலை வந்தபோது மட்டும் பேசினார். நகரத்தின் நடுவிலிருந்த பழைய மணிக்கூண்டு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துவிட்டது. செங்கல் உதிர்ந்துகொண்டிருந்தது. பழுது பார்க்க ஆள் ஏற வேண்டும், ஆனால் சாரம் சுவரைத் தொடக்கூடாது என்றார்கள். வழக்கமாகச் சாரத்தைச் சுவரோடு பிணைத்துத்தான் நிறுத்துவார்கள். இங்கே அது தன் காலிலேயே நிற்க வேண்டும்.

"சுத்தி ஒரு சாண் இடைவெளி விடணும். மேல போகப் போகக் கூண்டு சாயுது, அதோட சேர்ந்து நானும் வளையணும். ஆனா சாரம் சாயக்கூடாது" என்று சோற்றில் கையை வைத்துக்கொண்டே தட்டில் கோடு போட்டுக் காட்டினார். அவள் சாப்பிட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டி முடித்தார். வேலைக்குப் போகும் வழியில் அவள் தினமும் ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பார்ப்பாள். ஒருநாள் சிக்னலில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம், "எங்க வீட்டுக்காரர் கட்டினது" என்றே சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்து, "ஓ, நல்ல மணிக்கூண்டுங்க" என்றாள்.

அந்த மணிக்கூண்டின் படம் ஸ்டூடியோவுக்கு வந்தது, காலண்டர் அட்டைக்காக. சாரம் வேண்டாம், கூண்டு மட்டும் போதும். ரப்பர் பூசினாள், அமுக்கினாள், உதிர்ந்த செங்கலைச் சீராக்கினாள். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷனிடம் நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பழுது வேலை முடிந்து, சாரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிய பிறகு அந்தச் செய்தி வந்தது. ஒரு பெரிய கம்பெனி அரங்கம் ஒன்றுக்குக் குவிமாடம் எழுப்புகிறது. சாரம் கட்டும் ஆட்களுக்கெல்லாம் தலைமை மேஸ்திரி வேண்டும். முன்பு இவரோடு வேலை பார்த்த இஞ்சினியர் ஒருவர் இவர் பேரைச் சொல்லியிருந்தார். "நாளான்னைக்கு வரச் சொல்லுங்க, செஞ்ச வேலையோட படம் கொண்டு வரணும்" என்றார்களாம். இவருக்கோ அது வாழ்நாள் ஆசை. எத்தனையோ மேஸ்திரிகளுக்குக் கீழே, அவர்கள் தப்பாகச் சொன்னதைச் சரியாகக் கட்டிக்கொடுத்துப் பழகியவர்.

"போகலை" என்றார்.

"ஏங்க?"

"என்னத்தைக் காட்டறது? கட்டினதெல்லாம் கழட்டியாச்சு. சாரம் இருக்கும்போது யாரும் படம் எடுக்கறதில்ல. எடுத்தாலும்…" என்று நிறுத்திக்கொண்டார்.

எடுத்தாலும் நீ அழித்துவிடுகிறாய் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். தன் கைத்திறமையை ஊர் மெச்சியபோதெல்லாம் அழிந்தது யாருடைய கைத்திறமை என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் காலை பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முதலாளி இடம் போதவில்லை என்று பழைய படங்களை அவ்வப்போது கழித்துக்கட்டுகிறவர். நல்லவேளையாக மணிக்கூண்டின் மூலப்படம் தப்பியிருந்தது. திறந்து பார்த்ததும் அவள் முகம் தொங்கிப்போனது. சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால் சாம்பல் நிறக் குழாய்கள். ஏதோ புதர் மண்டிய மாதிரி இருந்தது. சுவரைத் தொடாமல் நிற்கிறது என்பதைப் படத்தில் யாரால் கண்டுபிடிக்க முடியும்?

கொஞ்ச நேரம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் படத்தில் வேண்டாதது எது? இன்றைக்கும் அதையே கேட்டாள். மவுஸை எடுத்து மணிக்கூண்டின் மேல் சிவப்பைப் பூசினாள்.

ஏஐக்கு இது பிடிபடவில்லை. முதல் தடவை கூண்டோடு சாரத்தையும் தூக்கிவிட்டு ஒரு மரத்தை நட்டது. அடுத்த தடவை பழைய கூண்டை எடுத்துவிட்டுப் புதுக் கூண்டு ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. சாரம் இருந்தால் உள்ளே கட்டடம் இருந்தே தீரும் என்று அதற்கு யார் சொன்னார்களோ! "உன்னைக் கட்டச் சொன்னேனா நான்?" என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். பிறகு குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே தெரிந்த சுவரை மட்டும் ஒவ்வொரு துண்டாகப் பூசி, ஒவ்வொரு துண்டாக வானத்தை நிரப்பினாள். முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

"என்ன ரப்பர், இன்னிக்கு ஒரே படத்துல குடியிருக்க?"

"சொந்த வேலைண்ணே. நாளைக்குச் சேர்த்துச் செஞ்சு தர்றேன்."

திரையைப் பார்த்த முதலாளி தலையாட்டினார். அவளுடைய மற்ற வேலைகளைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

வேலை விட்டு, இடுப்பில் ஸ்பானர் தொங்க, சாரக்காரர் அவளை அழைத்துப்போக வந்தார். "இங்க வாங்க" என்று நாற்காலியில் உட்காரவைத்தாள்.

வெறும் வானத்தில் சாரம் மட்டும் நின்றது. உள்ளே ஒன்றுமில்லை. மணிக்கூண்டு சாய்ந்த பக்கமெல்லாம் குழாய்கள் விலகி வழிவிட்டிருந்தன. கால்கள் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. கட்டும்போது அதற்குள்ளேயே இருந்தவர், முழுசாக அதை இப்போதுதான் பார்க்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு விரலைத் திரையில் வைத்தார்.

"இந்த முட்டு என்னோடது இல்ல."

கூண்டுக்குப் பின்னால் மறைந்திருந்த பக்கத்தில் ஏஐ தன் போக்கில் சில குழாய்களை நட்டிருந்தது. ஒன்று பாதி வானத்தில் முடிந்தது. இன்னொன்றுக்குக் காலே இல்லை.

"உண்மையில அங்க எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க, அப்படியே போட்டுடறேன்" என்றாள்.

"வேண்டாம்மா. கேமரா பார்த்தது மட்டும் இருக்கட்டும். நாளைக்கு ஒருத்தன் இதை நம்பித்தானே ஆளை ஏத்துவான்?"

அவர் விரலால் தொட்டுக் காட்டிய பொய்க் குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டாள். பின்பக்கம் வெறுமையாகவே நின்றது. மூலப்படம் ஒன்று, கூண்டு இல்லாத படம் ஒன்று என இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டு உறையில் போட்டுக் கொடுத்தாள்.

கம்பெனிக்கு அவளும் கூடப் போனாள். உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றுக்கு அறைக் கதவு பாதி திறந்தே கிடந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவரின் பெரிய, காய்ப்புக் காய்த்த கைகளைப் பார்த்தால் அவரும் ஒரு காலத்தில் குழாய் ஏறியவர்தான் போலிருந்தது. முதல் படத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். இரண்டாவதை எடுத்தவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். உச்சியிலிருந்து ஒரு குழாயின் மேல் விரலை வைத்து, பாரம் எப்படி இறங்குகிறது என்று கிளாம்பு கிளாம்பாகத் தடவிக்கொண்டே தரைவரைக்கும் வந்தார்.

"பின்பக்கம்?"

"மறைஞ்சிருந்ததுங்க. படத்துல விழல. வேணும்னா வரைஞ்சு காட்டறேன்."

ஒரு தாள் நகர்ந்தது, பென்சில் ஓடியது. பெஞ்சில் இருந்தவள் கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். இவர் கையால் அல்லவா பேசுகிறவர், வாயால் ஏதாவது கேட்டால் என்ன செய்வார்?

"சுவரைத் தொடாமலா நிறுத்தினீங்க?"

"ஒரு சாண் தள்ளிங்க. எந்த இடத்துலயும் தொடல."

"ஒண்ணாந்தேதி வந்து பொறுப்பெடுத்துக்குங்க" என்றார் அவர். பிறகும் அந்தப் படத்தைக் கீழே வைக்க மனசில்லாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது சரி மேஸ்திரி, அவ்வளவு பெரிய மணிக்கூண்டு எங்கய்யா போச்சு?"

கதவுக்கு வெளியே ரப்பர் எழுந்து நின்றாள். எதற்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்திச் சொன்னார்:

"என் சம்சாரம் எடுத்துட்டாங்க சார். அவங்களுக்கு என் வேலை மட்டும் போதுமாம்."